பனாயித்தின் தட்டு

சனிக்கிழமை மாலை ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது ஸ்மரந்தா அக்கா எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டை வைத்து, பக்கத்தில் கரண்டியையும் வைப்பார். தையல் மெஷின் ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கும். எங்கள் ஊர் பிரேய்லா துறைமுகத்தில் பாதிப் பேர் போட்டுத் திரியும் கால்சட்டைகள் அவர் நீளம் குறைத்துத் தைத்தவை. வாயில் ஊசி இருந்தாலும் பேச்சு நிற்காது. தொலைக்காட்சியில் சமையல் போட்டி வந்தால் மட்டும் வாய் மூடிவிடும்.

இந்த வாரம் என்ன சமையல் என்று போன வாரமே சொல்லிவிடுவார்கள். அக்காவும் அதையே சமைத்து அந்தத் தட்டில் பரிமாறியிருப்பார். நடுவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் சமைத்தது என்று தெரியாமல் ருசி பார்ப்பார்கள். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, முழுசாக ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில்தான் எதிர்த் தட்டில் கரண்டி உரசும்.

முதல் தடவை, “குழாய் சொட்டுதுக்கா” என்று சிரித்தேன். குழாய் இறுக மூடியிருந்தது. கரண்டியும் வைத்த இடத்திலேயே கிடந்தது. சத்தம் மட்டும் வந்தது.

பிறகு அந்தத் தட்டு என் கைக்கு வரும். செத்தவர் பங்கை உயிரோடிருப்பவர் சாப்பிட்டால்தான் அவருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் வழக்கம். அக்கா வீட்டுக்காரர் பனாயித் அண்ணன் போய் இரண்டு வருஷம். மேல்மாடிக்காரியான என் வாய்தான் அவருக்கு வாய். “கடவுள் அவரை மன்னிக்கட்டும்” என்று சொல்லிச் சாப்பிடுவேன். உப்பு துளியும் இருக்காது. அக்கா உப்புப் போட்டதை நானே பார்த்திருப்பேன்.

“உப்ப அவரு எடுத்துக்கிட்டாருடி. பத்து வருஷமா டாக்டரு வாயக் கட்டி வச்சிருந்தாரு. இப்ப யாரு கேக்கறது?” என்று அக்கா பூரித்துப்போவார்.

இந்த இலையுதிர் காலத்தில் போட்டியையே மாற்றிவிட்டார்கள். திரை போயிற்று. நடுவர்கள் சமைத்தவர்களைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மேளமும் கைதட்டலும் காதைப் பிளக்கின்றன.

“மூஞ்சியப் பாத்துட்டா ருசி பாப்பானுங்க? எந்த மடையன்டி இவனுங்களுக்கு யோசனை சொன்னது?” என்று ரிமோட்டை உதறினார் அக்கா. “இந்தச் சந்தைக்கடைக்குள்ள அந்த மனுஷன் எப்படி வருவாரு? உசிரோட இருக்கையிலயே கூச்சல் கேட்டா வாசல்லயே நின்னுருவாரு.”

அடுத்த வாரம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்டி உரசவில்லை. அன்றைக்கு என்னைச் சாப்பிடச் சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மீன் புளிச்சாறு. அன்றும் கரண்டி உரசவில்லை. ஆனாலும் தட்டை என் கையில் கொடுத்தார். ஒரு வாய் வைத்தேன். உப்பு, புளிப்பு, எல்லாம் கச்சிதம். சத்தம் கேட்ட நாட்களில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படிடி இருக்கு, வியோரிகா?”

“உப்பே இல்லக்கா.”

என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, தானே ஒரு வாய் குடித்தார். மெல்ல விழுங்கினார்.

“பொய் சொல்லக்கூடத் துப்பில்ல உனக்கு” என்றார். குரலில் கோபமே இல்லை.

பிறகு எழுந்து, தைக்க வந்திருந்த துணிகளுக்குள் துழாவி ஒரு கறுப்புத் துணியை உருவினார். சாவு விழுந்த வீட்டில் நிலைக்கண்ணாடியை மூடுவோமே, அதுபோல் தொலைக்காட்சியின் மேல் அதைப் போர்த்தி, நாலு முனையும் சரியாக இழுத்துவிட்டார். துணிக்கு அடியில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.