தங்கையின் மெத்தையும் துரை படுத்த கட்டிலும்

இன்று தங்கையின் கல்யாண மெத்தையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பாலோ என்ற ஊரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன்.

நம் வழக்கம்தான் தெரியுமே. மெத்தை பெண் வீட்டார் பொறுப்பு, கட்டில் மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. கட்டிலின் அளவை நாம் கேட்டால் நமக்குக் கௌரவக் குறைச்சல். அவர்களாகச் சொன்னால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

பலகைக் கட்டிலாக இருக்கும் என்று நினைத்து, இலவம்பஞ்சு மெத்தையை அகலமாகத் தைக்கச் சொல்லியிருந்தோம். அங்கே கிடந்ததோ, சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரையிடம் வாங்கிய ஒடுக்கமான இரும்புக் கட்டில். அடியில் பலகையே இல்லை, வெறும் கம்பிச் சுருள். மெத்தை இரண்டு பக்கமும் தொங்கியது, நடுவில் தொட்டில் மாதிரி குழிந்தது.

"என்ன தம்பி, மெத்தை இப்படி இருக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சுருள் மேல அகலமா பலகை போட்டுட்டா சரியாயிடும் மாமா. நானே தச்சன கூட்டிட்டு வரேன்."

"அலமாக், ஐயையோ! தொரை படுத்த கட்டில்ல பலகையா? பாக்கறவங்க சிரிப்பாங்க. மெத்தைய வெட்டிக் கொண்டாங்க."

வெட்டினாலும் குழி குழிதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். கல்யாணம் முடியும்வரை எதிர்த்துப் பேசாதே என்று அம்மா சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. மெத்தையைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன்.

எங்கள் வீட்டு வாசலில் தங்கை, "ஏண்ணே திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?" என்றாள்.

"கொஞ்சம் வெட்டணுமாம், தங்கச்சி."

அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்களே, இப்படி வெட்டிக் குறைப்பது மெத்தையோடு நின்றுவிடுமா? தெரிந்தவர்கள் பதில் எழுதுங்கள்.