விருந்தாளி வந்தால் பேப்பர் படிக்க வேண்டும்

காரைக்குடியில் ஞானசம்பந்தத்தின் கைப்பக்குவத்துக்கு ஈடு கிடையாது. அது ஊருக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. மனைவி மெய்யம்மை வங்கி மேலாளர். காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். மகள் தீக்ஷா பிறந்ததும், கோயம்புத்தூரில் பார்த்த கணக்கர் வேலையை அவன் மனமுவந்துதான் விட்டான். ஆரம்பத்தில் அவன் வைத்த சாம்பாரைக் காக்காய்கூடத் தொடவில்லை. ஆனால் ஆள் விடாக்கண்டன். இன்றைக்கு அவன் சுடுகிற வெள்ளைப் பணியாரம் இருக்கிறதே, அடேயப்பா!

சமைக்க அவனுக்குக் கூச்சமில்லை. சமைப்பதை யாராவது பார்த்துவிட்டால்தான் உயிரே போய்விடும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடிவந்து பேப்பரை விரித்துக்கொள்வான். மெய்யம்மை வீட்டில் இருந்தால் அவள் அடுப்படிக்கு ஓட வேண்டும்.

"எதுக்குங்க இந்தக் கூத்து? உள்ளதைச் சொல்லிட்டுப் போவமே" என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"ஆச்சி காதுக்குப் போனா அம்புட்டுத்தான்" என்பான்.

ஆச்சி என்றால் அவனுடைய அக்கா நீலாயதாட்சி. மதுரையில் இருக்கிறார். இவன் நடை பழகும் வயதில் தாய் போய்விட, தூக்கி வளர்த்தவர். "ஆம்பளை அடுப்படியில நின்னா அந்த வீட்டுல லச்சுமி தங்க மாட்டா" என்று அடித்துச் சொல்கிறவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் ஆச்சி வந்து இறங்கினார். வழக்கமான ஓட்டம் நடந்தது. தட்டில் வைத்த பணியாரத்தைப் பிட்டு வாயில் போட்ட ஆச்சி அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"மெய்யம்மை! எங்க ஆத்தா கை அப்புடியே உனக்கு வந்திருக்குடி. இப்புடித் தின்னு எத்தனை வருஷமாச்சு!"

ஞானசம்பந்தம் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டான். ஆத்தாவின் முகம்கூட அவனுக்கு நினைவில்லை. அவள் கை தனக்கு வந்திருக்கிறது என்று கேட்க எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும்! அந்தப் பேச்சு அடுத்தவள் பெயருக்குப் போகிறது, அதுவும் அவன் செய்த கூத்தால். எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முற்றத்தில் தீக்ஷாவுக்கும் பக்கத்து வீட்டு ஆதித்தனுக்கும் விளையாட்டுக் கல்யாணம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"தாலி கட்டியாச்சுல்ல, போயி சோறாக்கு" என்றாள் மணப்பெண்.

"நானா? எங்க வீட்டுல அம்மாதான் ஆக்கும்."

"ஐயே! அப்பாதான் ஆக்கணும். விருந்தாளி வந்தா மட்டும் நீ ஓடிப்போயி பேப்பர் படிக்கணும், நான் ஓடிப்போயி கரண்டியைப் பிடிக்கணும். கல்யாணம்னா அதுதான்."

"எதுக்கு ஓடணும்?"

"அதெல்லாம் தெரியாது. கல்யாணம் ஆனவங்க ஓடணும்."

அடுப்படியில் மெய்யம்மை கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஆச்சி தட்டை மடியில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"சம்பந்தம், இதைச் சுட்டது யாரு?"

பிள்ளை ஏதோ உளறுகிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தீக்ஷா விளையாட்டை நிறுத்திவிட்டு அப்பா வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பொய்யையும் அவள் கல்யாணக் கணக்கில் சேர்த்துக்கொள்வாளே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"நான்தான் ஆச்சி. இவ பொறந்ததுல இருந்து நான்தான் ஆக்குறேன்."

ஆச்சி மிச்சப் பணியாரத்தை மெதுவாக மென்று விழுங்கினார். கண் கலங்கிவிட்டது.

"ஆத்தா உனக்குன்னு ஒண்ணுமே விட்டுட்டுப் போகலையேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன்டா."

ஞானசம்பந்தம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். "அப்ப லச்சுமி தங்க மாட்டாளே ஆச்சி?"

"பணியாரம் தின்ன வந்திருப்பா, போடா. எனக்கு இன்னும் நாலு எடுத்துட்டு வா."

அவன் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தான். முற்றத்தில் ஆதித்தனுக்குக் குழப்பம்.

"விருந்தாளி இன்னும் போகலையே, உங்கப்பா அடுப்படிக்குப் போறாரு?"

தீக்ஷா எட்டிப் பார்த்தாள்.

"ஓடல, நடந்துதான் போறாரு. நீயும் நடந்து போ."