தோணா வாயில் உள்ளான்கள்

நனைந்த சாரனை ஓங்கி ஓர் உதறு உதறினால் வருமே, அந்தச் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஈரமணலில் மேய்ந்துகொண்டிருக்கும் உள்ளான் கூட்டம் ஒரே நேரத்தில் எழும்பும்போது அப்படித்தான் கேட்கும். எழும்பிய பிறகு சத்தமே இருக்காது, ஒரு பக்கம் திரும்பினால் வெள்ளையாகவும் மறுபக்கம் திரும்பினால் மண்நிறமாகவும் வானத்தில் மாறி மாறித் தெரியும். இதை அழகு என்று எழுதத்தான் எனக்கும் விருப்பம். ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து வெகுகாலம் அந்தச் சத்தம் கேட்டாலே காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன், ஏனென்றால் செருப்பில்லாமல் ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கல்முனைக்குடியில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. மேற்கே கிடக்கும் வயல்வட்டைகளின் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஓடையை நாங்கள் "தோணா" என்போம். வருசத்தில் பாதி அதன் வாயைக் கடலே மணல் போட்டு அடைத்து வைத்திருக்கும். அந்த மணல்திட்டில்தான், மாரி பிறக்கும் காலத்தில், குருவிகள் வந்து இறங்கும். சின்னதெல்லாம் எங்களுக்கு "உள்ளான்", தலைகீழாய்க் கடலில் விழுந்து மீன் எடுப்பது "ஆலா", எதைக் கண்டாலும் கத்துவது "ஆக்காட்டி". எங்கிருந்து வருகின்றன என்று ஒருவரும் கேட்டதில்லை. கரைவலை இழுக்கும் வாப்பாவுக்கு அவை மீன் எங்கே நிற்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிணற்றடியில் நின்றேன். உள்ளான்களெல்லாம் எங்கள் கூரைக்கு மேலால், வட்டமடிக்காமல், நேரே மேற்குப் பக்கம் போயின. இப்படிப் போவதை நான் கண்டதேயில்லை. உம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு முற்றம் கூட்டாமல் நின்றதற்கு ஏற்கெனவே ஏச்சு வாங்கியிருந்தேன், இதையும் சொன்னால் "குருவி பாக்கவா உன்னப் பெத்தன்" என்று இன்னும் விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு தேத்தண்ணி ஆற்றிக் குடிக்கிற நேரம் போயிருக்கும், கடல் வந்துவிட்டது. தங்கச்சி ஷிபானா காய்ச்சலில் உள்ளே பாயில் கிடந்தாள். ஐந்து வயது. மூன்றாம் நாள்தான் கிடைத்தாள்.

குருவிகள் உண்மையிலேயே அறிந்துதான் போயினவா, ஏதும் நாய் விரட்டியதா, எனக்கு இன்றும் தெரியாது. அன்றைக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. நான் கண்டேன், சொல்லவில்லை, அவள் போய்விட்டாள். இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. இனி ஒருமுறை குருவி எழும்பினால் ஊரே கேட்கக் கத்துவேன் என்று எனக்குள்ளேயே நேர்ந்துகொண்டேன்.

எங்களைப் பிரதான வீதிக்கு அங்கால் தகரக் கொட்டில்களில் குடியேற்றினார்கள். அங்கே இடிந்த மதில் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அதில் ஏறி நின்று தோணா வாய்ப்பக்கம் பார்ப்பேன். தாழம்பற்றைகள் மறைத்ததால் மணல் தெரியாது, மேலே வானம் மட்டும் தெரியும். கடலுக்கு முதுகு காட்டி நான் ஓரிடத்திலும் நின்றதில்லை. கடற்கரைக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடத்தில் யன்னல் ஓரத்தில் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து ரீச்சரிடம் எத்தனையோ நாள் ஏச்சு வாங்கியிருக்கிறேன். கொட்டில் பொடியன்கள் எனக்குக் "குருவிப் புள்ள" என்று பெயர் வைத்தார்கள். "என்னகா குருவிப் புள்ள, இண்டைக்கிக் கடல் லீவா?" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள்.

அடுத்த மாரி பலமாகப் பெய்தது. வட்டைக்குள் தண்ணீர் நின்று, வேளாண்மைப் பயிர் அழுகத் தொடங்கிவிட்டது. இப்படியான நேரத்தில் காரைதீவு, பாண்டிருப்பு வயல்காரர்களும் எங்கள் ஊர் வலைகாரர்களும் சேர்ந்து மண்வெட்டியோடு போய்த் தோணா வாயை வெட்டி விடுவது வழக்கம். ஒரு முழ அகலத்தில் வெட்டினால் போதும், மிச்சத்தைத் தண்ணீர் தானே அறுத்துக்கொண்டு இரைச்சலோடு கடலில் விழும். அன்று காலை வாப்பாவும் போனார். கடற்கரை என்று சொன்னால் நான் அழுது காலைக் கட்டிப் பிடிப்பேன் என்று, "கடைக்குப் போயிற்று வாறன் மகள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் மதிலில் நின்றேன். உள்ளான், ஆலா, ஆக்காட்டி எல்லாம் ஒரேயடியாய் மேலே எழும்பின. எழும்பி எங்கள் பக்கம் வந்தன. அவற்றின் பின்னால், பற்றைகளுக்கு அங்கால், பெரிய இரைச்சல் ஒன்று கேட்டது.

"கடல் வருது! கடல் வருது!"

நான் கத்தியதை இன்னும் நூறு பேர் வாங்கிக் கத்தினார்கள். அடுப்பில் சோறு கிடக்க, தொட்டிலில் கிடந்த பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சனம் மேற்கே ஓடியது. என் மாமாவின் பெண்சாதி றமீஸா மாமி, மாமா சவூதியில் இருந்ததால் தனியாகக் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவ, மதகடியில் கால் இடறி விழுந்தா. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மாமியின் கால் எலும்பு உடைந்துவிட்டது. தோணாவில் நின்ற ஆட்களும் ஊர் ஓடுவதைக் கண்டு மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். தான் வெட்டி விட்ட தண்ணீருக்கே பயந்து ஓடிய வாப்பா, மறுகா விசயம் தெரிந்ததும் வீதியோரத்தில் குந்தியிருந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

மாமிக்குத் தொடை வரைக்கும் பிளாஸ்டர் போட்டார்கள். அவவைப் பார்க்க ஆளில்லை. "ஒரு மாசத்துக்குப் பள்ளிக்கூடத்த விடு" என்று உம்மா சொன்னா. எட்டாம் வகுப்பில் ஒரு மாசத்துக்கு என்று நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகளின் முகத்தில் முழிக்க எனக்கும் துணிவில்லை.

முதல் நாள் அவவின் கொட்டிலுக்குள் போனபோது மாமி படுத்திருந்தபடியே, "வாகா, கடலைக் கூட்டி வந்தவளே" என்றா. தகரம் கொதிக்கும், பிளாஸ்டருக்குள் அரிக்கும், ஓர் ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டு எல்லாரையும் ஏசுவா. சலிப்புத் தாங்காமல் ஒருநாள் கேட்டா:

"இண்டைக்கி என்ன குருவி கண்ட?"

"உள்ளான், மாமி."

"உள்ளான் எண்டா? எல்லாம் ஒரே மாதிரியா இரிக்கும்? நீயும் நானும் ஒரே மாதிரியா? வடிவாப் பாத்திற்று வந்து சொல்லு."

அதற்காகத்தான் முதல்முறையாக மதிலை விட்டிறங்கித் தோணாக் கரைக்குப் போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளான் ஒன்றல்ல, நாலைந்து இனம் இருந்தது. ஒன்று அலை வர ஓடி, அலை போகத் திரும்பி ஓடும். இன்னொன்று நீண்ட சொண்டைச் சேற்றுக்குள் குத்திக் குத்தி எடுக்கும், தையல் மெசின் ஊசி போல. அதற்குத் "தையல்காரன்" என்று பெயர் வைத்தோம். ஆக்காட்டி ஆட்டைக் கண்டாலும் கத்துகிறது, சைக்கிளைக் கண்டாலும் கத்துகிறது என்று சொன்னபோது மாமி, "அப்ப அது உண்ட ஆள்தான்" என்றா.

ஒருநாள் பின்னேரம், அஸர்த் தொழுகை நேரம், தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் என் குரல் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னேன்.

"மாமி, அண்டைக்கும் கண்டன்."

"எண்டைக்கி?"

"கடல் வந்த அண்டைக்கி. வீட்டுக்கு மேலால போச்சுது. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சொல்லியிருந்தா உம்மா தங்கச்சியத் தூக்கியிருப்பா."

மாமியின் கையில் ஈர்க்கு நின்றது.

"விசரி. குருவி பறக்குது, ஓடுங்க எண்டு அண்டைக்கி நீ வந்து சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பனா? உண்ட உம்மாதான் ஓடியிருப்பாவா? இந்தப் புள்ளைக்கி ஓதிப் பாக்கணும் எண்டு சொல்லிப்போட்டு அவங்கவங்க வேலையப் பாத்திருப்பம்." பிளாஸ்டரில் கையால் தட்டினா. "மறுகாத்தான் நம்பினன். நம்பினத்துக்குப் பாரு, கால்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுறதெண்டா அங்கால போய் அழு, பிளாஸ்டர் நனையும்" என்றா. சொல்லிவிட்டு அவவும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டா.

பயம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதன் பிறகு நான் பார்த்தது வேறு மாதிரியான பார்வை. பருந்து வந்தால் கூட்டம் பந்துபோல் இறுகும், நாய் வந்தால் அந்தப் பக்கத்தில் நிற்பவை மட்டும் எழும்பும். நாட்டில் சண்டை மும்முரமாகி மேற்கே காட்டுப் பக்கம் செல் குண்டு விழுந்த காலத்தில் எல்லாம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் வந்து இறங்கும். "குருவிப் புள்ள, இது கடலா செல்லா?" என்று பெரிய ஆட்களே கேட்பார்கள், பகிடியாகத்தான், ஆனால் பதிலுக்கு நிற்பார்கள். சண்டை முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்திய நாளிலும் தோணாவின் கொக்குகள் எழும்பின. எல்லாரும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவை திரும்பி இறங்கும் வரைக்கும் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்த மணல்திட்டு இல்லை. கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது, தின்ற இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்லில் உள்ளானுக்கு என்ன வேலை? எச்சரிக்கைக்கு என்று உயரமாய்க் கோபுரம் நிற்கிறது, போனிலும் செய்தி வரும். தகரக் கொட்டில்கள் இருந்த வளவில் இன்று கடைகள். றமீஸா மாமி தூரத்து வீட்டுத்திட்டத்தில் இருக்கிறா, கால் இன்னும் சற்று இழுக்கும். டிசம்பர் மாசம் வந்தால் காலையில் எனக்குப் போனில் கோல் எடுத்து, சலாம் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பா: "குருவி இரிக்கா?" நான் "இரிக்கி மாமி" என்பேன். "அப்ப சரி, நான் தேத்தண்ணி வெக்கப் போறன்" என்று வைத்துவிடுவா.

போன டிசம்பரில் கோல் வந்தபோது நான் கருங்கல் ஓரத்தில் நின்றேன். ஒன்றுமில்லை, ஓர் ஆலாகூட இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, பொய் சொல்லவும் மனமில்லை. "பொறுங்க மாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, தோணாவின் மேல்பக்கம் தேடினேன். பொலித்தீன் பைகளுக்கு நடுவில், கறுத்த சேற்றில், ஒரேயொரு தையல்காரன் குனிந்து குனிந்து தைத்துக்கொண்டிருந்தது.

"இரிக்கி மாமி. ஒராள்தான்."

"ஒராளா?" மாமி கொஞ்சம் யோசித்தா. "சரி, அது ஒண்டே காணும்."

போனை வைத்த பிறகும் அது அடுத்த அடி எடுத்து வைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, கடல் எனக்குப் பின்னால் இருக்கிறது என்று.