டிரையர் கொட்டகைக்கு இழுத்த கேபிள்

போன வாரம் கோலாலம்பூரில் ஒரு கடையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கணினிப் பலகை வாங்கினேன். நெட்வொர்க் கேபிள் செருகும் வாய் அதிலேயே இருந்தது. “செருகினா போதும்லா ஆன்ட்டி, வேற ஒண்ணும் செய்ய வேணாம்” என்றாள் கடைக்காரப் பெண். அவள் சொன்னது உண்மைதான். மின்சாரம் கொடுக்க மட்டும் வீட்டில் ஒரு கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டியிருந்தது. பிசின் புகை மூக்கில் ஏறியதும், அதன் பின்னாலேயே வெந்த ரப்பரின் வாடையும் வந்துவிட்டது.

அந்த வாடை உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பகாவ் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ரப்பர் ஆலைக்காரர்கள் நாங்கள் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். காலை நீட்டி உட்கார்ந்து வரலாம், அது ஒரு வசதி.

தொண்ணூறுகளின் கடைசி. சிரம்பானில் மின்னணுவியல் படித்துவிட்டு, பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றின் ரப்பர் ஆலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். என்னை நானே இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டு திரிந்த காலம். ஆலையில் எல்லோரும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள்.

துருவிய ரப்பரைப் பெட்டி பெட்டியாக வைத்து அனல் காற்றில் காயவைக்கும் எந்திரத்துக்கு டிரையர் என்று பெயர். சூடு கூடினால் ரப்பர் கருகும், இன்னும் கூடினால் தீப்பிடிக்கும். அதன் பக்கத்துச் சுவரில், உள்ளங்கை அளவில் ஒரு சின்ன கணினிப் பலகை சூட்டை அளந்து எண்ணாகக் காட்டும். காட்டும், அவ்வளவுதான். அரை மணிக்கு ஒரு தடவை யாராவது டிரையர் நிற்கிற அந்த அனல் கொட்டகைக்குள் போய், எண்ணைப் பார்த்து, ஆபீஸுக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும். அந்த யாராவது ஸ்டெல்லா அக்கா. தோட்டத்திலேயே பிறந்தவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பாடுகிறவர், குரல் கணீரென்று இருக்கும். “நூத்திப் பதினாறு!” என்று அவர் கத்திக்கொண்டு வருவது லோரி நிற்கிற இடம் வரை கேட்கும்.

ஒருநாள் மத்தியானம் அந்தக் குரல் வரவில்லை. போய்ப் பார்த்தால், அக்கா மயங்கி டிரையர் கதவின்மேல் சாய்ந்திருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்துவிட்டது. மேனேஜரிடம் ஓடினேன். தமிழர்தான், சிரம்பானிலிருந்து காரில் வந்து போகிறவர்.

“மருந்து போடச் சொல்லும்மா. இனிமே தண்ணி குடிச்சிட்டு உள்ள போகச் சொல்லு” என்றார்.

“சார், அந்த எண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே கொண்டு வந்துடலாம். யாரும் உள்ள போக வேணாம்.”

“மெஷின் வித்தவங்கள கேட்டாச்சு. அந்த போர்டுல நெட்வொர்க் கெடையாது. அடுத்த வருஷம் பாப்போம். நீ அதுல கைவைக்காத.”

அடுத்த வருஷம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் அடுத்த வருஷம், பள்ளிக்கூடத்துக் கூரை அடுத்த வருஷம். அக்காவின் கைக் கட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கைவைத்தேன்.

முதலில் பலகையிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சாதாரண சீரியல் கம்பி இழுத்துப் பார்த்தேன். துருவும் எந்திரத்தின் மோட்டார் ஓடத் தொடங்கியதும் திரையில் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறிகளாகக் கொட்டின. சரி, ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இரண்டும் பேசிக்கொள்கிற அதே கேபிளில் இதுவும் பேசட்டும் என்று முடிவெடுத்தேன். படிக்கட்டுக்கு அடியில் தூக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் கார்டைக் கழற்றினேன். அதன் ஒவ்வொரு காலிலிருந்தும் மயிரிழைக் கம்பி எடுத்து, அந்தச் சின்னப் பலகையின் கால்களோடு பற்றவைத்தேன். கார்டுக்குத் தான் இருப்பது கம்ப்யூட்டரில் இல்லை என்று தெரியாதபடி ஏமாற்றி ஒரு புரோகிராம் எழுதினேன். சாப்பாட்டு நேரமெல்லாம் இதிலேயே போனது. அக்கா ஒற்றைக் கையால் எனக்குச் சோற்றுத் தூக்கைத் திறந்து வைப்பார். “என்ன பாப்பா, சடை பின்றியா?” என்பார்.

மேசைமேல், முழம் நீளக் கேபிளில், அருமையாக வேலை செய்தது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். கொட்டகைக்குக் கேபிளை இழுத்ததும் பாதி எண்கள் வந்து சேரவே இல்லை. இரண்டு வாரம் புரோகிராமைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் தப்பு என் கையில். கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி இருக்கும். அந்த ஜோடியைப் பிரிக்காமல் முனையில் சேர்த்தால்தான் மோட்டாரின் மின் இரைச்சல் கேபிளில் ஏறாது. நான் ஒரு ஜோடியைப் பிரித்து, ஆளுக்கொரு துணையை மாற்றிக் கட்டிவைத்திருந்தேன். முனையை வெட்டி, வரிசையை மாற்றி அழுத்தினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் திரையில் நூற்றுப் பதினான்கு என்று வந்து நின்றது.

மறுநாள் மேனேஜர் பார்த்துவிட்டார். “யாரு பர்மிஷன் குடுத்தா? அவுத்துடு.”

“எண்ணு சரியா வருது சார். நான் அவுக்க மாட்டேன்” என்றேன்.

கேபிளை அவிழ்க்கச் சொல்லி மேனேஜர் வயர்மேன் மணியம் அண்ணனைக் கூப்பிட்டார். “ஏணி கெடைக்கலையே சார்” என்றார் அண்ணன். ஏணி அவர் முதுகுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.

மேனேஜர் அக்காவிடம் திரும்பினார். “ஸ்டெல்லா, நீ போய் எப்பவும்போல பாத்துட்டு வா.”

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் போட்டிருந்த ஸ்டூலைவிட்டு எழவில்லை. திரையைக் காட்டினார். “நூத்திப் பதினேழுன்னு இங்க இருக்கு சார். சந்தேகம்னா நீங்களே போய்ப் பாத்துக்குங்க. நான் இனிமே உள்ள போறதா இல்ல.”

இருவருக்கும் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேனேஜர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நூத்திப் பதினேழுதான்” என்றார். பிறகு, “பியார்லா, இருக்கட்டும்” என்று அறைக்குள் போய்விட்டார்.

அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. கேபிள் இருந்தது. அக்காவும் ஸ்டூலில் இருந்தார்.

இப்போது அந்த ஆலை இல்லை. ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் அழித்து வீடுகள் கட்டினார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தது மாதிரியே வாசலில் உட்கார்ந்தாராம். மாற்று வீடு கையில் வந்த பிறகுதான் எழுந்தார். சிரம்பான் கல்யாண வீடுகளில் பழைய தோட்டத்து ஆட்கள் கூடினால், அந்தக் காலம் மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிறார்கள். நான் விடுவதில்லை. கொட்டகை போனது, அதன் சூடு போனது, பஸ் பலகையில் தோட்டத்தின் பெயரும் போனது. போகட்டும். தழும்பு தெரிய அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, அக்கா இன்னும் கோயிலில் பாடுகிறார்.