அவர் பங்குக் காப்பி

என் வீட்டுக்காரர் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு மூன்றாவது முறையாக நின்றபோது அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன. வாரத்தில் மூன்று நாள் மலையிறங்கி சேலத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது, காப்பி, குழம்பு எல்லாம் அதற்குள் அடக்கம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியக் கூடாது புள்ள. சாவப் போறவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?" என்றார். இரண்டு முறை தோற்றவர். இந்த முறையாவது ஜெயித்தே தீருவது என்று பிடிவாதம். யாரிடமும் சொல்வதில்லை என்று நானும் சத்தியம் செய்தேன். புத்தி கெட்ட வேலை.

எங்கள் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போனால் காப்பி கொடுப்பார்கள். குடிக்காமல் எழுந்தால், நம்ம ஊட்டுத் தண்ணி அவருக்கு ஆகாதாட்ட இருக்குது என்று பேச்சு வரும், ஓட்டும் போய்விடும். அதிலும் நாகலூர் எஸ்டேட் லயனில் கூலிக்காரர்கள் வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் தீர்ந்தது கதை. அதனால் நானும் கூடவே போனேன். அவர் டம்ளரை வாங்கி உதட்டில் வைப்பார், பேச்சுவாக்கில் என் கைக்கு மாற்றுவார், நான் குடித்துவிடுவேன். நாளுக்குப் பத்துப் பதினைந்து டம்ளர். தூக்கம் போனது, நெஞ்செரிச்சல் வந்தது. அவர் சம்சாரத்துக்குக் காப்பின்னா உசுரு என்று லயனில் சிரித்தார்களாம். மறுத்துச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அவர் தனியாகப் போனார். யார் மனசும் நோகக் கூடாதென்று எல்லா வீட்டிலும் குடித்திருக்கிறார். மறுநாள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்கவே முடியவில்லை. ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வளைவிலும் என் கையை இறுக்கிப் பிடித்தார். இவர் அடிவாரம் போய்ச் சேரமாட்டார் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானதும் பேசிய முதல் பேச்சு, "நீ போய் ஓட்டுக் கேளு."

போனேன். "வெறும் காய்ச்சலுங்க, ரெண்டு நாள்ல வந்துருவாருங்க" என்று வீடு வீடாகப் பொய் சொன்னேன். நாகலூர் லயனில் காப்பிப் பழம் பறிக்கிற அக்கா ஒருத்தி, "அண்ணன் அன்னிக்கு நொம்ப ஆசையாக் குடிச்சாருங்க. வரச் சொல்லுங்க, சர்க்கரை தூக்கலா வெச்சுத் தர்றேன்" என்றாள். எனக்கு வந்தது கோபமா அசதியா, இன்றுவரை தெரியவில்லை. "இன்னொருக்கா குடுத்தீங்கன்னா செத்துப் போயிருவாருங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

தோற்றார். மலைபோல் நம்பியிருந்த நாகலூர் லயன்தான் கைவிட்டது. வீட்டில் படுத்திருந்தவரைப் பார்க்க அந்த அக்கா வந்தாள்.

"எங்க மேல கோவப்படாதீங்கண்ணா. தலைவரானா ஊடு ஊடாப் போவோணும், குடுக்கறதெல்லாம் குடிக்கோணும். உங்க ஒடம்பு தாங்காதுங்க. அதான் நாங்க லயன்ல எல்லாரும் பேசி வெச்சு ஓட்ட மாத்திப் போட்டோம்" என்று சொல்லி அழுதாள். அவரைப் பார்க்கப் பயந்து நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் போன பிறகு, "யாரு சொன்னது?" என்றார்.

"நாந்தானுங்க."

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு, "ஜெயிச்சுட்டாவது செத்திருப்பேன்" என்றார்.

"செத்திருப்பீங்க" என்றேன். "நான் என்னுங்க பண்ணியிருப்பேன்?"