அப்ஹா சரீப் பார்க்காத ஊர்கள்

குறிஞ்சாக்கேணியில் சரீப் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் மீன் ஏலம் கூறுகிறவர், அதனால் ஏலச் சரீப். இன்னொருவருடைய பட்டப்பெயரை எழுத்தில் போட்டால் வீண் சண்டை வரும். மூன்றாமவர் அப்ஹா சரீப். வெளிநாடு போய் வந்தவருக்கு அவர் இருந்த ஊரின் பெயரையே சூட்டிவிடுவது கிண்ணியாப் பக்கத்து வழக்கம். ரியாத் மாமி, குவைத் ஹாஜியார், தோஹா மச்சான் என்று ஒரே ஒழுங்கைச் சந்துக்குள் பாதி அரபுநாடு குடியிருக்கும். அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சிக்கல் என்னவென்றால், அப்ஹா சரீப் அப்ஹாவுக்குப் போனதே இல்லை.

அவர் போனது ஜித்தாவுக்கு. தொண்ணூற்றோராம் ஆண்டு, முப்பத்தொரு வயதில், மனைவி சுபைதாவையும் ஒன்றரை வயது மகள் நப்லாவையும் விட்டுவிட்டுப் போனார். பதினொரு வருடம் ஒரு ரொட்டிக்கடையின் போறணை அடுப்புக்கு முன்னால் நின்றார். மாவைத் தட்டுவது, நெருப்புச் சுவரில் அறைவது, வெந்ததைக் கம்பியால் கிளப்பி எடுப்பது, இதுதான் வேலை. படுக்கை கடைக்கு மேலே. மக்காவையும் மதீனாவையும் தவிர வேறு ஊர் எதையும் கண்ணால் காணவில்லை. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவில் அவர் போன ஒரே இடம் நித்திரை.

அந்த நாளில் கடிதத்தைவிடக் கசெட்தான் பெரிது. பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். சரீப் தம்முடைய முதல் கசெட்டில் போறணையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னார். கைமயிர் பொசுங்கியதைச் சொன்னார், மூக்கால் இரத்தம் வந்ததையும் சொல்லித் தொலைத்தார். பதில் கசெட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சுபைதா அழுதிருந்தாள். மறுபக்கத்தில், நாலு நாளாய்ச் சோறு இறங்கவில்லை, உங்களை நெருப்பில் தள்ளிவிட்டுத் தின்னுகிற பாவி நான் என்றிருந்தாள். சரீப் பயந்துபோனார். அன்றோடு அந்தப் போறணைக்கு மூடி போட்டுவிட்டார்.

ஆனால் அடுத்த கசெட்டில் எதைத்தான் சொல்வது? அறுபது நிமிடத்துக்கு ஸலாம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அப்போதுதான் கனகசுந்தரம் கை கொடுத்தார். தம்பலகாமத்துக்காரர், லொறிச் சாரதி. வியாழன்தோறும் கடைக்கு மா மூட்டை இறக்க வருவார். இறக்கியது போக மீதியை மலைநாட்டுக்கு ஏற்றிப் போவார். சூட்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடி அவர் சொன்ன ஊர்களையெல்லாம் சரீப் கசெட்டில் 'நான் போனேன், நான் பார்த்தேன்' என்று மாற்றிச் சொன்னார்.

தாயிப்புக்கு ஏறும் வளைவுப் பாதையில் வாகனத்துக்குள் கைவிட்டு ரொட்டி பறிக்கும் குரங்குகள். அதற்கு மேலே ரோஜாத் தோட்டங்கள். மண் சுவரில் மழை அடிக்காதபடி வரிசை வரிசையாய்க் கல்பலகை நீட்டிய அப்ஹாவின் பழைய வீடுகள், ஜன்னலால் உள்ளே வந்து படுக்கையை ஈரமாக்கும் அதன் மேகம். ஜன்னலைச் சுற்றி வெள்ளைக் கல் பதித்த ரிஜால் அல்மாவின் மாடிவீடுகள். தீ ஐன் என்றொரு சின்ன ஊர், வெள்ளைப் பாறைக்கு மேலே கல்வீடுகள், பாறையின் காலடியில் வாழைத்தோட்டம், தாழம்பூ. பாலைவனத்துக்குப் பின்னால் இப்படியும் உண்டா என்று சுபைதா கேட்டாள். சோறும் இறங்கத் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்திருந்து கசெட் கேட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பி வருமுன்பே பட்டப்பெயர் காத்திருந்தது.

பிறகு கிண்ணியாப் பாலத்தடியில் தொப்பியும் அத்தரும் விற்கும் கடை போட்டார். ஒரு போத்தல் அத்தருக்கு ஒரு மலையூர் இலவசம். இருபது வருடமாய்ச் சொல்லிச் சொல்லி அந்த ஊர்களின் ஒவ்வொரு படியும் அவருக்குப் பாடம். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூடக் கரைந்துபோயிற்று.

இப்படி இருக்கையில்தான் நப்லாவின் கணவன் ஸப்வான் வந்து ஒரு போஸ்டரை விரித்தான். மக்காவுக்கு உம்றா யாத்திரைக்கு ஆள் கூட்டிப் போவது அவனுடைய தொழில். இந்த முறை உம்றா முடிந்து நாலு நாள் மலையூர்களையும் காட்டுவதாய்ப் போட்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில்: 'வழிகாட்டி: அப்ஹா சரீப்'.

"மாமா, கேட்காமப் போட்டுட்டன், கோவிக்காதீங்க. உங்கட பேருக்கே இருவத்திரண்டு பேர் பதிஞ்சிட்டாங்க."

"ஆர் ஆர்?"

"முதல் பேர் மாமிதான்."

சரீப் போஸ்டரைத் திரும்பவும் ஒருமுறை படித்தார். இருபத்தொரு பேரை எப்படியாவது சமாளிக்கலாம். சுபைதாவை எப்படிச் சமாளிப்பது? அவள் அந்தக் கசெட்டுகளை அலுமாரிக்குள் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பதினொரு வருடத் தனிமையைப் புருஷன் நல்ல ஊர்களில் சந்தோஷமாய் இருக்கிறான் என்ற நினைப்பில் கழித்தவள். அவளுக்கு முன்னால் அப்ஹாவில் போய் வழி தெரியாமல் முழித்தால், அந்தப் பதினொரு வருடமும் பொய் என்றல்லவா ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று அவருக்குள்ளேயே இருந்தது. ஸப்வான் போனில் அந்த ஊர்களின் வீடியோவைக் காட்டினான். கல்பலகை நீட்டிய வீடுகள் வந்ததும், "இந்த ஒழுங்கையால இறங்கினா ஒரு கிணறு" என்று சரீப் தன்னையறியாமல் சொன்னார். வீடியோவும் அந்த ஒழுங்கையால் இறங்கியது, கிணறும் இருந்தது. ஒருவேளை ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை உண்மையாகவே போயிருப்போமோ? மேகம் வந்து முகத்தில் படுவது இப்போதும் தெரிகிறதே. போகாத ஊரின் குளிர் எப்படி ஞாபகத்தில் இருக்கும்? தலைக்குள் போறணையும் மேகமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

தீர்த்துவைக்கக்கூடிய ஒரே ஆள் கனகசுந்தரம். அடுத்த நாள் காலையில் கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் தம்பலகாமத்துக்கு விட்டார். கனகசுந்தரத்துக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. முதல்நாள் யானை வந்து முறித்துப்போட்ட வாழைகளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் பூரணி கதிரை இரண்டு போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

சரீப் வந்த விஷயத்தை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். "அண்ணன், அந்த ஊருகள எனக்குத் திருப்பி ஒருக்காச் சொல்லித் தாங்க. எது எங்க கிடக்கு எண்டு பிழைபடாமச் சொல்லோணும்."

கனகசுந்தரம் கத்தியைக் கீழே வைத்தார்.

"சரீப், நான் தாயிப்புக்கு அங்கால போனதில்ல."

"என்ன சொல்லுறீங்க?"

"என்ட லொறி தாயிப் வரைக்கும்தான். மக்காவச் சுத்திப் போற பாதையால ஏறி, மாவ இறக்கிப்போட்டுத் திரும்புவன். அங்கால கொண்டுபோறது யெமன்காரங்கட லொறி. குரங்கும் ரோஜாவும் நான் கண்டது. மத்ததெல்லாம் அவங்கள் சொன்ன கதை."

"நீங்க போனதெண்டல்லவா எனக்குச் சொன்னீங்க?"

"போறணைக்கு முன்னால நிண்டு, பொறகு என்ன அண்ணன், பொறகு என்ன எண்டு கேட்பீங்க. முகமெல்லாம் வேகி இருக்கும். வெறுங்கையோட வர எனக்கு மனம் வரேல்ல." அவர் குரல் தணிந்தது. "இன்னொண்டும் சொல்லிப்போடுறன். அந்த வெள்ளைப் பாறை ஊர் இருக்கே, அதில வாழையும் தாழையும் நான் போட்டது. எங்கட ஊர் நினைப்பில சேர்த்துவிட்டனான்."

"அண்ணன், வீடியோவில வாழை நிக்குது. தாழையும் நிக்குதாம்."

"எங்க?"

"தீ ஐனிலதான்."

கனகசுந்தரம் கத்தியை எடுத்தார், திரும்பவும் வைத்தார். "அதெப்படி? நான்தானே நட்டனான்" என்றார். அந்த யெமன்காரனாவது ஊரைப் பார்த்தானோ, அவனும் வேறு யாரிடமாவது கேட்டுத்தான் சொன்னானோ. கிணற்றடியில் நின்ற பூரணிக்குச் சிரிப்பு வந்தது. சரீப்புக்கு வரவில்லை. அந்த ஊர்களை யார்தான் பார்த்தது என்ற கேள்வியோடு போனதைவிடக் கூடுதலாய்க் குழம்பித் திரும்பி வந்தார்.

வீட்டுக்கு வரும்போது சுபைதா குசினியில் பயணத்துக்கு மாசிச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கதிரையில் ஒரு புதுக் கம்பளிச் சட்டை. "அப்ஹாவில விடியப்புறம் நல்லாக் குளிரும் எண்டு நீங்கதானே நாலாவது கசெட்டில சொன்னீங்க" என்றாள். அந்தச் சட்டையைப் பார்த்ததும் சரீப்பால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நிலத்தில் உட்கார்ந்து, ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

இப்படிச் சொன்னதும் மனைவி சிரித்துவிட்டு, எனக்கு எப்பவோ தெரியும் என்று சொல்வாள் என அவர் உள்ளுக்குள் நம்பியிருந்தார். சுபைதாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"அப்ப, பெருநாளைக்கு நான் உடுத்துக்கொண்டு சந்தோஷமாத் திரிஞ்ச நேரம் நீங்க எங்க நிண்டீங்க?"

"போறணையில."

"நப்லாவுக்கு முதல் பல்லு விழுந்த நேரம்?"

"போறணையிலதான்."

அதற்குப் பிறகு அவள் மூன்று நாள் கதைக்கவில்லை. சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, கதை வரவில்லை. அவள் கோபப்படுவது பொய்க்காகவா, போறணைக்காகவா என்று சரீப்புக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். கசெட்டுகள் அலுமாரிக்குள் இருக்கின்றனவா என்று ஒருநாள் எட்டிப் பார்த்தார். இருந்தன. அதை நல்லதாய் எடுப்பதா கெட்டதாய் எடுப்பதா என்றும் தெரியவில்லை.

நாலாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, பயணம் போகிறவர்களை ஸப்வான் வீட்டு முற்றத்தில் கூட்டினான். சரீப் முன்னால் கதிரையில். பயணத்துக்குப் பதிந்தவர்களில் பள்ளிக்கூடத்து நஜ்முன் நிஸா ரீச்சர்தான் முதலில் கையை உயர்த்தினார். "முழங்கால் ஏலாத ஆக்கள் அந்தப் பாறையூருக்கு ஏறலாமா?"

சரீப் வாயைத் திறந்தார். முழங்காலைப் பற்றிக் கனகசுந்தரம் ஒன்றும் சொல்லவில்லையே. முற்றம் முழுக்க அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏலாதவங்க கீழ வாழைத்தோட்டத்தில இருக்கலாம்" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சுபைதா எழுந்து நின்றாள். "தண்ணி வாய்க்கால் ஒண்டு ஓடும், நிழல் இருக்கு. மேல ஏறுற படி ஒரே உயரமில்ல, கையைப் பிடிச்சு ஏறோணும். அப்ஹாவுக்கு எல்லாரும் கம்பளி எடுங்க. தாயிப் பாதையில ஜன்னலைத் திறந்து சாப்பிடவேணாம்." கேட்கக் கேட்கச் சொன்னாள். எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர், எங்கே குளிர், எங்கே வெயில், ஒன்றும் பிசகவில்லை. பதினொரு வருடக் கசெட்டும் அவளிடம் வரிசையாய் இருந்தது. சரீப் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய வாயில் கேட்டபோது அந்த ஊர்கள் அவருக்கே புதிதாய் இருந்தன. போகவேண்டும் போல் ஆசையாகவும் இருந்தது.

ஸப்வான் கொப்பியில் குறித்துக்கொண்டே, "அப்ப மாமிதான் வழிகாட்டி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒண்டு கூட எழுதுங்க மகன்" என்றாள் சுபைதா. "ஜித்தாவில இறங்கின உடன, ஒரு ரொட்டிக்கடை. அதுக்கு மாமா வழி காட்டுவார்."

ஆட்கள் கலைந்து போன பிறகு சரீப் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று நாளுக்குப் பிறகு வந்த கதை என்பதால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "அங்க பார்க்க ஒண்டும் இல்லையே, சுபைதா. அந்தக் கடை இப்ப இருக்கோ இல்லையோ."

"மலையில இருந்த மனிசனோட பதினொரு வருஷம் இருந்திட்டன். போறணையில இருந்த மனிசனை எனக்குத் தெரியாது. இருக்கோ இல்லையோ, சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கித் தொடங்கினார். பின்கதவால் போனால் பதினாலு அடியில் போறணை. சுவரில் ஆணி ஒன்று, அதில் ஈரச் சால்வை. நெருப்புக்கு நேரே நிற்கக்கூடாது, இடது தோளைக் காட்டி நிற்கவேண்டும். அதனால்தான் இடது கையில் மயிரே இல்லை. ரொட்டியைச் சுவரில் அறையும்போது மூச்சைப் பிடிக்கவேண்டும், விட்டால் சூடு உள்ளே போகும். சொல்லும்போதே மூச்சைப் பிடித்துக் காட்டினார்.

சுபைதா அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது ஆர் உங்களுக்குச் சொன்ன கதை?"

"இத ஒருத்தரும் சொல்லேல்ல" என்றார் சரீப். "இது நான் நிண்ட இடம்."