பரணில் ஏறிய தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஈஸ்வரி வந்தாள். கையில் நான் இரவல் கொடுத்த நாவல். செருப்பைக் கழற்றும்போதே கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறவள், அன்றைக்கு வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, இந்தப் பொஸ்தகத்த எனக்கு எதுக்குக் குடுத்தீக?"

நல்ல நாவல் என்பதால் கொடுத்தேன். வேறு எதற்குக் கொடுப்பார்கள்?

போன மாதம் இதே பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேனே, ஞாபகமிருக்கிறதா? எனக்குப் பிடித்த நாவல்கள், என்னை ஏமாற்றிய நாவல்கள் என்று இரண்டாகப் பிரித்து, போதாக்குறைக்கு மார்க் வேறு போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு. சின்னமனூர் வாசகர் ஒருவர், எனக்கு ரசனை என்பதே கிடையாது என்பதை மூன்று பக்கத்துக்கு விளக்கியிருந்தார். அந்தப் பட்டியலில் தொண்ணூறு மார்க் வாங்கி முதலிடத்தில் நின்ற நாவல்தான் ஈஸ்வரியின் கையில் இருந்தது.

ஈஸ்வரி யார் என்று சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. தினமும் காலை ஆறு மணிக்கு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். ஒன்பதாவது வரை படிப்பு. வாராவாரம் என்னிடம் ஒரு நாவல் வாங்கிப் போவாள். நான் பதினைந்து நாள் இழுக்கும் புத்தகத்தை நான்கே நாளில் முடித்துவிடுவாள். பொறாமையாக இருக்கும்.

அவள் தனக்காக மட்டும் படிப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அந்த ஜீப்பில் பதினாறு பேர் போகிறார்கள். டிரைவரைத் தவிர எல்லோரும் பெண்கள். பின்பக்கம் கதவோரம் ஈஸ்வரியின் இடம். ஊரைத் தாண்டியதும் டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் குறைப்பார். நேற்று விட்ட இடத்திலிருந்து இவள் நாவலைச் சொல்ல ஆரம்பிப்பாள். மலை ஏறும்போது மட்டும்தான் கதை. திரும்பும்போது எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவார்கள்.

யோசித்துப் பாருங்கள்... ஒரு நாவலுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை உண்டா?

நான் எண்பத்தைந்து மார்க் கொடுத்த கனமான நாவல் ஒன்று, இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே படுத்துவிட்டது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஈஸ்வரி சொன்னாள்: "அந்தாளு சன்னலோரம் நின்னு யோசிக்கிறான், யோசிக்கிறான், யோசிச்சுக்கிட்டே இருக்கான். நாங்க மேட்டுல செக்போஸ்ட்டையும் தாண்டிட்டோம். அவன் இன்னும் அங்கனதேன் நிக்கிறான்."

நியாயமாகப் பார்த்தால் அவன் நூற்றுப்பத்துப் பக்கம் நிற்கிறான். நான் அதை 'ஆழம்' என்று எழுதியிருந்தேன்.

நான் குப்பை என்று ஒதுக்கிய கொலைக்கதை ஒன்று ஐந்து நாள் ஜீப்பைக் கட்டிப்போட்டதாம். ஆனால், கொலைகாரன் பிடிபட்ட மறுநாள் அதைப் பற்றி ஒருத்தி கூட வாய் திறக்கவில்லை என்றாள். அதைக் கேட்டு எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அற்ப புத்தி, வேறென்ன!

ஜீப்பில் ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். சட்டம் போட்டவர் செல்லத்தாயி — ஐம்பது வயது, வண்டியில் மூத்தவர். ஒரு தடவை கதாநாயகி செத்துப்போவதைச் சொல்ல மனசு வராமல், ஈஸ்வரி அவளை ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டாள். செல்லத்தாயி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார்.

"ஏத்தா, இது பொஸ்தகத்துல உள்ளதா, நீயா விட்டதா?"

ஈஸ்வரி ஒப்புக்கொண்டாள்.

"செத்தவ செத்தவதேன். எழுதுனவுக அப்பிடி எழுதியிருந்தா, மாத்துறதுக்கு நீ யாரு? உள்ளதச் சொல்லு. இல்லன்னா சொல்லாத."

இருபது வருடமாக நான் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருப்பதும் இதைத்தானே? பார்க்காமலேயே எனக்குச் செல்லத்தாயியைப் பிடித்துப்போயிற்று.

இப்போது அந்தத் தொண்ணூறு மார்க் நாவலுக்கு வருகிறேன். பட்டியலை வைத்துப் புத்தகத்தை வாங்கி இன்னும் படிக்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் — கடைசிப் பக்கத்தைச் சொல்லத்தான் போகிறேன்.

ஒரு அம்மா. ஒரே மகள். மகள் ஒருநாள் தனக்குப் பிடித்தவனோடு கிளம்பிப் போய்விடுகிறாள். அம்மா திட்டவில்லை, தேடவும் இல்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் மகளுடைய எவர்சில்வர் தட்டையும் எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். முந்நூறு பக்கம் இப்படியே போகிறது. கடைசிப் பக்கத்தில், ஒரு சாயங்காலம், அந்தத் தட்டைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றி வைக்கிறாள். அவ்வளவுதான், நாவல் முடிந்தது.

'இப்படி முடிக்கத் துணிச்சல் வேண்டும்' என்று எழுதியிருந்தேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

"செல்லத்தாயி அக்கா மக போன வருசம் ஒரு பையனோட போயிருச்சுக்கா" என்றாள் ஈஸ்வரி. "திருப்பூர்ல இருக்குன்னு சொல்றாக. ஒரு போனு கெடையாது. வண்டில ஒருத்தரும் அந்தப் பேச்ச எடுக்க மாட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. "தெரிந்துமா இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய்?"

"நான் அன்னன்னைக்குப் படிச்சு அன்னன்னைக்குச் சொல்றவக்கா. மக போறான்னு வந்ததும் பக்குன்னுச்சு. ஆனா, நீங்க தொண்ணூறு மார்க்கு போட்டிருந்தீகள்ல? நல்லா முடியும்னு நம்பிச் சொல்லிட்டேன். மக வந்துருவான்னு நெனச்சேன்."

நான் கலைக்குப் போட்ட மார்க்கை அவள், மகளின் வருகைக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் மேல் என்ன தப்பு?

"எந்தக் கதைலயும் அடுத்து என்னன்னு கேக்காத செல்லத்தாயி அக்கா, இதுல தெனமும் வண்டி ஏறுனவொடனே கேக்குறாக... 'இன்னைக்காச்சும் வந்தாளா?'ன்னு. வியாழக்கெழம ராத்திரி கடேசிப் பக்கத்தப் படிச்சேன். வெள்ளிக்கெழம தொண்ட கட்டிப்போச்சுன்னு பொய் சொல்லிட்டேன். சனிக்கெழம காலைல பாத்தா, எனக்குன்னு சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்க வச்சு, பாட்டில்ல கொண்டாந்து குடுக்குறாக. அத எப்பிடிக்கா குடிப்பேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். 

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் இலக்கியம், கேட்பவர்களைக் குறைவாக எடை போடக்கூடாது, செல்லத்தாயி போட்ட சட்டமும் அதுதானே... மேடையில் பேசுகிற மாதிரியே பேசினேன்.

ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "நீங்க அந்த வண்டில இல்லக்கா."

அப்போது அடுத்த அறையில் என் மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறை என்று அரை மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அந்த நாவலை நான் நான்கு தடவை படித்திருக்கிறேன். நான்கு தடவையும் கடைசிப் பக்கத்தில் கண் கலங்கியிருக்கிறது. கலங்கியதை ரசித்தும் இருக்கிறேன். என் மகள் அடுத்த அறையில் இருந்ததால்தானே ரசிக்க முடிந்தது? இதை நினைத்ததும் வெட்கமாகிவிட்டது.

உடனே என் புத்தி எதிர்த்திசையில் ஓடியது. "கடைசித் தாளைக் கிழித்துவிடு. பழைய புத்தகம், தாள் இல்லை என்று சொல்லிவிடு" என்றேன். சொன்னது நான்தான். பக்கத்தின் ஓரத்தை மடக்கினாலே உறவை முறித்துக்கொள்கிற நான்.

"கிழிச்சா பொஸ்தகம் பாவம்க்கா" என்றாள். நாவலை மறுபடி ஒயர்கூடைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமையும் அவளுக்குத் தொண்டை சரியாகவில்லை. எனக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை. தேனி பஸ்ஸில் பையில் வைத்திருந்த புதுப் புத்தகத்தைப் பிரிக்கவே பயமாக இருந்தது. இதுவரை எத்தனை பேருக்கு எத்தனை நாவல்களைச் சிபாரிசு செய்திருக்கிறேன்! நன்றாக இருந்ததா, இல்லையா என்றுதான் எல்லோரையும் கேட்டிருக்கிறேன். யாருடைய வீட்டில் எந்தத் தட்டு காலியாக இருக்கிறது என்று ஒருவரையாவது விசாரித்திருக்கிறேனா?

புதன்கிழமை சாயங்காலம் ஈஸ்வரி வந்தாள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாளாம். சட்டம் சட்டம்தான். ஏழெட்டுப் பக்கத்தை வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். ஜீப் கடைசி வளைவு திரும்பியது.

"தட்டக் கழுவுனா... துணியெடுத்துத் தொடச்சா..."

அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த செல்லத்தாயி அவள் முழங்காலில் கையை வைத்தார்.

"பரண்ல ஏத்தி வச்சுட்டா. அம்புட்டுத்தேன?"

டிரைவர் பாட்டையே நிறுத்திவிட்டாராம்.

"ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"சனிக்கெழம தோட்டத்துல, சாப்பாட்டு நேரத்துல நீ கை கழுவப் போனப்ப ஒங் கூடைலருந்து எடுத்தேன். மூணாப்புப் படிச்சவதேன். எழுத்துக் கூட்டி அந்த ஒத்தப் பக்கத்த வாசிக்கிறதுக்குள்ள சோறு ஆறிப்போச்சு. ஒனக்குத் தொண்டைக்கு ஒண்ணுமில்லன்னும் அப்பத்தேன் தெரிஞ்சது."

ஈஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். செல்லத்தாயி அதைக் காதில் வாங்கவில்லை.

"எழுதுனவுக எழுதிட்டுப் போயிட்டாக. நீ அந்தத் தட்ட எறக்கி வையி. மேற்கொண்டு சொல்லு."

"மேற்கொண்டு பொஸ்தகத்துல இல்லக்கா."

"இல்லன்னா என்ன? வண்டி இன்னும் தோட்டத்துக்கு வரலைல்ல?"

சட்டம் போட்டவரே சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார். பதினாறு பேரில் ஒருவர் கூட ஆட்சேபிக்கவில்லை. ஈஸ்வரி பரணில் இருந்து தட்டை இறக்கினாள். அன்றைக்கு அதற்குத்தான் நேரம் இருந்தது. இறக்கிய தட்டில் தூசி இருந்ததா என்று கேட்டாராம் செல்லத்தாயி. இல்லை, ஏற்றிய அன்றைக்குச் சாயங்காலமே இறக்கிவிட்டாள் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் அப்போது சுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

மார்க் போடுவதை விட்டுவிடப் போகிறேனா என்று சின்னமனூர் வாசகர் கேட்பார். மாட்டேன் ஐயா. அந்த நாவலுக்கு இன்றைக்கும் தொண்ணூறுதான். சன்னல்காரனுக்கு மட்டும் இருபது குறைத்திருக்கிறேன். ஆனால், இனிமேல் யாருக்காவது புத்தகத்தை எடுத்துக் கொடுக்கும் முன்னால், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்பேன். பதிலைக் காது கொடுத்தும் கேட்பேன்.

ஈஸ்வரி நாவலைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசித் தாள் பத்திரமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள் கறை, குழம்புக் கைவிரல் பட்டது. வழக்கமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"இனி இது வேணாமா?" என்றேன்.

"அதுல உள்ளது தீந்துபோச்சுல்லக்கா!"

அவள் வாசல் தாண்டும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஈஸ்வரி... மகள் வந்துவிட்டாளா?"

"தெரியலையேக்கா. இன்னைக்குச் சொன்னதுல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்திருக்கா."

வருகிற திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறேன். ஜீப்பில் ஓர் இடம் கேட்டதற்கு, தொங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்கிறாள். தொங்குகிறேன்.